பழைய குடும்ப காரை முகாமுக்குத் தயார்செய்தல்: எதைப் பொருத்துவது, எதை விட்டுவிடுவது?

வெள்ளிக்கிழமை மாலை மலையடிவாரத்துக்குக் கிளம்பும் அதே கார்தான் திங்கட்கிழமை காலை பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட வேண்டும். குடும்பத்துக்காக வாங்கி ஏழெட்டு ஆண்டுகள் ஓடிய ஒரு காரை, முகாமுக்கும் மீன்பிடிப்புக்கும் பறவை பார்ப்பதற்கும் தகுந்தபடி மாற்ற நினைப்பவர்கள் முதலில் மனதில் இருத்த வேண்டியது இதுதான். பயணத்துக்கென்றே ஒரு வேனை வாங்கி அதற்குள் வீடு கட்டுபவர்களுக்கு இந்தக் கவலை கிடையாது. அவர்களைப் பார்த்து நாமும் அப்படியே செய்யப் போனால், வீட்டுக்கும் உதவாத, முகாமுக்கும் முழுதாகப் பொருந்தாத ஒரு வண்டிதான் மிஞ்சும்.

நான் இரண்டு பழைய கார்களை இப்படித் தயார்செய்திருக்கிறேன். முதல் காரில் பின்னிருக்கையைக் கழற்றிவிட்டு, பிளைவுட் கட்டில், இழுப்பறைகள், இரண்டாவது பேட்டரி என எல்லாவற்றையும் நிரந்தரமாகப் பொருத்தினேன். இரண்டாவது காரில் ஒரு துளைகூடப் போடவில்லை. அந்த இரண்டாவது காரில்தான் அதிக இரவுகள் தூங்கியிருக்கிறேன். எனவே இந்த ஒப்பீட்டில் நான் எந்தப் பக்கம் சாய்கிறேன் என்பதை மறைக்கப்போவதில்லை: அரை மணி நேரத்தில் கழற்றி வைக்க முடியாத எதையும் குடும்ப காரில் பொருத்தாதீர்கள். இதற்கு விதிவிலக்குகள் உண்டு. அவை வரும் இடத்தில் சொல்கிறேன்.

கார் எவ்வளவு தாங்கும்?

கூடாரமா, கட்டிலா, குளிர்பெட்டியா என்று பார்க்கும் முன் ஓர் எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் இருக்கும் தகட்டிலோ, காருடன் வந்த கையேட்டிலோ அதிகபட்ச மொத்த எடை குறிக்கப்பட்டிருக்கும். அதிலிருந்து வெறும் காரின் எடையைக் கழித்தால், ஆட்களும் பொருள்களும் சேர்ந்து எவ்வளவு ஏறலாம் என்பது தெரியும். பெரும்பாலான குடும்ப கார்களில் இது 400 முதல் 550 கிலோவுக்குள் வரும். ஏழு பேர் அமரும் கார் என்றால் நிறையத் தாங்கும் என்று நினைத்துவிட வேண்டாம். ஆளுக்கு 75 கிலோ என்று வைத்தாலும் ஏழு பெரியவர்கள் 525 கிலோ ஆகிவிடுகிறார்கள்.

450 கிலோ தாங்கும் கார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பெற்றோரும் இரண்டு பிள்ளைகளுமாக 210 கிலோ. மிச்சம் 240. கூரைக் கம்பிகளும் கூரைக் கூடாரமும் 66 கிலோ என்றால் மிச்சம் 174. பிளைவுட் கட்டிலும் இழுப்பறைகளும் 50 கிலோ, மிச்சம் 124. ஈய-அமில வகையில் 100 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று ஏறக்குறைய 30 கிலோ, மிச்சம் 94. பொருள் நிறைந்த குளிர்பெட்டி 30 கிலோ, தண்ணீர் 20 லிட்டர். இப்போது கையில் இருப்பது 44 கிலோ. நான்கு பேரின் துணி, படுக்கை, அடுப்பு, பாத்திரம், நாற்காலிகள், கருவிப்பெட்டி எல்லாம் இந்த 44 கிலோவுக்குள் அடங்க வேண்டும். அடங்காது. தூண்டிலையும் சைக்கிளையும் இன்னும் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

கண்ணுக்குப் பிடித்ததையெல்லாம் ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்க்கும்போது இந்தக் கணக்கு கண்ணில் படுவதில்லை. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது காரில் ஏற்றுவதற்கு முழுதாகப் பொருந்தும். எல்லாவற்றையும் ஏற்றி, ஆட்களும் அமர்ந்து, ஒருமுறை எடைமேடையில் நிறுத்திப் பாருங்கள். முன் சக்கரங்களையும் பின் சக்கரங்களையும் தனித்தனியே எடை போட முடிந்தால் இன்னும் நல்லது. முகாம் சாமான்கள் பெரும்பாலும் பின் அச்சின் மேலேயே போய்ச் சேர்கின்றன. மொத்த எடை வரம்புக்குள் இருந்தாலும் பின் அச்சு தன் வரம்பைத் தாண்டியிருக்கலாம்.

பழைய காரில் இன்னொன்றும் உண்டு. அந்த எண் புதிய காருக்கு எழுதப்பட்டது. பத்து ஆண்டுகள் உழைத்த ஸ்பிரிங்குகள் தளர்ந்திருக்கும். சமதளத்தில் வெறும் காரை நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் மையத்திலிருந்தும் மேலேயுள்ள வளைவின் விளிம்புவரை அளந்து பாருங்கள். இடமும் வலமும் வேறுபட்டாலோ, பின்பக்கம் மிகவும் தாழ்ந்திருந்தாலோ, கூடாரத்துக்கு ஒதுக்கிய பணம் முதலில் ஸ்பிரிங்குக்கும் ஷாக் அப்சார்பருக்கும் போகட்டும். பிரேக் திரவம் காற்றின் ஈரத்தை உறிஞ்சக்கூடியது. அதனால்தான் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். ஈரமேறிய திரவம் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும். முழுச் சுமையுடன் நீண்ட மலைச்சரிவில் இறங்கும்போது அது கொதித்தால் பிரேக் மிதி தரையோடு போய்விடும். டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. பட்டைகள் தேயாமல் இருந்தாலும் ரப்பருக்கு வயதாகும். ஆறு ஆண்டுகளைத் தாண்டிய டயரை ஆண்டுதோறும் தெரிந்தவரிடம் காட்டுங்கள். பத்து ஆண்டுகளைத் தாண்டியதைச் சுமையேற்றும் காரில் வைத்திருக்கவே வேண்டாம். ஸ்டெப்னிக்கும் இதே விதிதான். வாங்கிய நாளிலிருந்து வெளியே எடுக்கப்படாத ஸ்டெப்னிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஸ்டெப்னியை எடுக்கும்போது அது கிடந்த பள்ளத்தையும் தொட்டுப் பாருங்கள். பழைய கார்களில் பின்விளக்கின் ரப்பர் வழியாகவோ பின்கதவின் ஓரம் வழியாகவோ மழைநீர் இறங்கி அங்கே தேங்கும். அதற்கு மேல்தான் மெத்தை விரிக்கப்போகிறீர்கள். அடியில் ஈரம் இருந்தால் எத்தனை விலை கொடுத்து வாங்கிய மெத்தையும் ஒரே பருவத்தில் பூஞ்சை வாடை பிடித்துவிடும்.

எங்கே படுப்பது?

முழு ஒப்பீட்டின் நடுத்தூண் இந்தக் கேள்விதான். படுக்கும் இடம் முடிவாகிவிட்டால் மற்றவை தாமாக வரிசைக்கு வந்துவிடும். வழிகள் நான்கு: காருக்குள், கூரைமேல், தரைக் கூடாரத்தில், பின்கதவோடு இணைத்த கூடாரத்தில்.

காருக்குள் படுப்பது புதிய யோசனை இல்லை. 1936லேயே அமெரிக்காவின் நாஷ் நிறுவனம் இருக்கைகளைப் படுக்கையாக்கும் வசதியைத் தன் குடும்ப கார்களில் கொடுத்தது. இன்று நாம் செய்வது அதன் தொடர்ச்சிதான். முன்னிருக்கைகளை எவ்வளவு முன்னே தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளி, பின்னிருக்கையை மடித்து, முன்னிருக்கையின் முதுகிலிருந்து மூடிய பின்கதவுவரை அளக்க வேண்டும். கதவைத் திறந்து வைத்து அளப்பவர்கள் ஏமாறுகிறார்கள். கதவின் உட்புறம் சாய்ந்து உள்ளே வரும். உங்கள் உயரத்தைவிடக் குறைந்தது 10 சென்டிமீட்டர் கூடுதலாக இருந்தால்தான் கால் நீட்டித் தூங்க முடியும். சிறிய கார்களில் 160 முதல் 180 சென்டிமீட்டரும், நீளமான குடும்ப கார்களில் 180 முதல் 200 சென்டிமீட்டரும் கிடைக்கும். சக்கர வளைவுகளுக்கு இடையே அகலம் பெரும்பாலும் ஒரு மீட்டர் அளவில்தான் இருக்கும். இரண்டு பெரியவர்களுக்கு அது நெருக்கம். ஒருவர் மட்டும் என்றால் குறுக்குச்சாய்வாகப் படுத்து நீளத்தையும் சம்பாதித்துக்கொள்ளலாம்.

மடித்த இருக்கை பல கார்களில் சமமாக இருப்பதில்லை. முன்பக்கம் சற்று உயர்ந்து நிற்கும். தலையை உயர்ந்த பக்கம் வைத்துப் படுத்தால் அந்தச் சரிவு தொல்லை தராது. முன்னிருக்கைக்கும் மடித்த இருக்கைக்கும் நடுவே விழும் பள்ளத்தை, அதே உயரமுள்ள ஒரு பிளாஸ்டிக் பெட்டியை வைத்து நிரப்பலாம். இவ்வளவு செய்து மேலே 8 அல்லது 10 சென்டிமீட்டர் மெத்தையை விரித்தால் பிளைவுட் கட்டிலே வேண்டியிருக்காது.

காருக்குள் படுப்பதன் அருமை விடியற்காலையில் தெரியும். பறவை பார்ப்பவருக்குக் காரே மறைவிடம். கதவைத் திறந்து இறங்கும் மனிதனைக் கண்டு பறக்கும் பறவைகள் அசையாமல் நிற்கும் காரைப் பொருட்படுத்துவதில்லை. வானத்தைப் பார்ப்பவர் இரவு மூன்று மணிக்குத் தொலைநோக்கியை மூடிவிட்டு, கூடாரம் எதையும் தேடாமல் அப்படியே உள்ளே போய்ப் படுக்கலாம். மழை, காற்று எதுவும் பொருட்டில்லை. பூட்டிக்கொள்ளலாம். மனசு சரியில்லை என்றால் ஓட்டுநர் இருக்கைக்கு நகர்ந்து கிளம்பிவிடலாம். தனியாகப் பயணிப்பவர்கள் இதை முக்கியமாகக் கருதுவார்கள்.

இதில் இருக்கும் பெரிய குறையைப் பலரும் முதல் இரவில்தான் உணர்கிறார்கள். படுக்கும் இடமும் பொருள் வைக்கும் இடமும் ஒன்றே. பகல் முழுதும் பின்னால் கிடந்த அத்தனையும் இரவில் முன்னிருக்கைகளுக்கோ வெளியிலோ போக வேண்டும். காலையில் திரும்பி வர வேண்டும். ஒருவருக்கோ இருவருக்கோ இது பழகிவிடும். நான்கு பேருக்கு நடக்காது.

அடுத்தது ஈரம். தூங்கும் ஒருவரின் மூச்சிலிருந்தும் தோலிலிருந்தும் ஓர் இரவில் கால் லிட்டருக்குக் குறையாத நீர் ஆவியாக வெளியேறும். இருவர் கண்ணாடிகளை முழுக்க மூடிப் படுத்தால், குளிர்ந்த இரவில் காலையில் கண்ணாடியிலிருந்து தண்ணீர் வழியும். எதிரெதிர் மூலைகளில் இரண்டு கண்ணாடிகளை இரண்டு மூன்று சென்டிமீட்டர் இறக்கி, வெளிப்பக்கம் கொசுவலையை மாட்டுங்கள். ஒரு பக்கம் மட்டும் திறந்தால் காற்று ஓடாது.

இதே இடத்தில் உயிர் சம்பந்தப்பட்ட ஒன்றையும் சொல்ல வேண்டும். காருக்குள் எதையும் எரிக்காதீர்கள். வெப்பத்துக்காகவோ குளிர்சாதனத்துக்காகவோ எஞ்சினை ஓடவிட்டுத் தூங்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான வலுவுடன் பற்றிக்கொள்கிறது. தலைவலி என்று தோன்றுவதற்குள் எழுந்திருக்கும் வலு போயிருக்கும். பழைய காரில் புகைக்குழாய் இணைப்புகள் அரித்திருக்க வாய்ப்பு அதிகம். அதனால் ஆபத்தும் அதிகம். எச்சரிக்கைக் கருவி ஒன்றை வாங்கி வையுங்கள். வாங்கினாலும் மேலே சொன்ன இரண்டையும் செய்யாதீர்கள்.

கூரைக் கூடாரத்தைப் பார்த்ததும் ஆசை வரும். எனக்கும் வந்தது. நல்ல மெத்தை, சமமான தளம், தரையின் ஈரமும் கல்லும் எட்டாத உயரம், சில நிமிடங்களில் விரிந்துவிடும் வசதி. ஆனால் அது 45 முதல் 80 கிலோ எடை கொண்டது. கார் ஓடும்போது கூரை தாங்கக்கூடிய எடை பல குடும்ப கார்களில் 50 முதல் 75 கிலோதான்; கம்பிகளின் எடையும் அதற்குள் அடக்கம். கார் நிற்கும்போது கூரை இதைவிடப் பல மடங்கு தாங்கும் என்பதால், உள்ளே இருவர் படுப்பது சிக்கல் இல்லை. வளைவில் திரும்பும்போதும் திடீரென்று பிரேக் போடும்போதும்தான் சிக்கல். அத்தனை எடை உச்சியில் இருந்தால் கார் சாய்வது கூடும். முகாமில் இருந்துகொண்டே பக்கத்து ஊருக்குப் போய்வர வேண்டுமென்றால் கூடாரத்தை மடித்துத்தான் கிளம்ப வேண்டும். இரவில் எழுந்திருக்கும் சிறு பிள்ளைக்கு ஏணி ஆபத்து. இறக்கி வைக்க இரண்டு ஆள் வேண்டும், வீட்டில் இடமும் வேண்டும். அதனால் பலரும் இறக்குவதே இல்லை. பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் ஆண்டு முழுதும் கூடாரத்தைச் சுமந்துகொண்டே போகிறார்கள். ஆண்டுக்கு முப்பது நாற்பது இரவுகள், ஒவ்வோர் இரவும் வேறோர் இடம் என்று சுற்றுபவர்களுக்கு இது தகும். மற்றவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தரைக் கூடாரத்தைப் பழைய முறை என்று ஒதுக்குவது தவறு. நான்கு பேருக்கான கூடாரம் பெரும்பாலும் 5 முதல் 10 கிலோவுக்குள் முடிந்துவிடும். காரை எடுத்துக்கொண்டு மீன்பிடிக்கப் போனாலும் கூடாரம் அங்கேயே நிற்கும். இதை அடிக்கவும் பிரிக்கவும் நேரம் ஆகும், சமமான தரை தேட வேண்டும், மழையில் நனைந்ததை வீட்டில் உலர்த்த வேண்டும். ஆனாலும் நான்கு பேர் குடும்பத்துக்கு இதைவிடப் பொருத்தமானது வேறு இல்லை. எங்கள் வீட்டில் இரண்டையும் சேர்த்துக்கொண்டோம்: சிறு பிள்ளையும் ஒரு பெரியவரும் காருக்குள், மற்ற இருவரும் கூடாரத்தில். காரில் பாதி இருக்கையை மட்டும் மடித்தால் போதும் என்பதால் சாமான்களை இறக்கி ஏற்றும் வேலையும் பாதியாகிவிட்டது.

பின்கதவோடு இணையும் கூடாரம் மேல்நோக்கித் திறக்கும் பின்கதவு உள்ள கார்களுக்கு மட்டும் உரியது. இரண்டு மூன்று கிலோ எடையில், படுக்கும் இடத்துக்கு வெளியே நிழலும் உடை மாற்ற ஒரு மறைவும் கிடைக்கின்றன. எடைக்குக் கிடைக்கும் பயனைப் பார்த்தால் இதுதான் எல்லாவற்றிலும் முதலிடம். பழைய காரில் இதைப் பயன்படுத்தும் முன் பின்கதவைத் தாங்கும் வாயு உருளைகளைச் சோதிக்க வேண்டும். வயதான உருளை பகல் வெயிலில் கதவைப் பிடித்து நிற்கும். இரவு குளிர்ந்ததும் வாயுவின் அழுத்தம் குறைந்து கதவு இறங்கிவிடும். அடியில் தலை இருக்கக்கூடும். மாற்றுவது எளிது, செலவும் சிறிது. கதவு திறந்திருக்கும் வரை எரியும் உள்விளக்கையும் அணைத்து வையுங்கள். காலையில் பேட்டரி இறங்கிப் போவதற்கு அந்தச் சிறு விளக்கே போதும்.

பெட்டிகளா, இழுப்பறைகளா?

12 மில்லிமீட்டர் பிளைவுட் ஒரு சதுர மீட்டருக்கு ஏழு கிலோவுக்கு மேல் வரும். 18 மில்லிமீட்டர் என்றால் பத்துக்கு மேல். மேற்பலகை, கால்கள், இழுப்பறையின் பக்கங்கள், உலோகத் தடங்கள் எல்லாம் சேர்ந்து 50 கிலோவை எட்டுவது மிக எளிது. என் முதல் காரில் நடந்ததும் அதுதான். பார்க்க அழகாக இருந்தது. ஒவ்வொரு கரண்டிக்கும் ஓர் இடம் இருந்தது. ஆனால் உறவினர் வந்தால் அமர இடமில்லை, வீட்டுக்கு அலமாரி வாங்கினால் ஏற்றிவர வழியில்லை. பல நாடுகளில் இருக்கைகளின் எண்ணிக்கையைக் குறைப்பது பதிவையும் காப்பீட்டையும் பாதிக்கும் மாற்றமாகக் கருதப்படுகிறது. கேட்காமல் செய்தால் விபத்துக்குப் பிறகு இழப்பீடு மறுக்கப்படலாம்.

இருக்கையைக் கழற்றுவதே இன்றைய கார்களில் விளையாட்டு வேலை இல்லை. முன்னிருக்கைகளுக்கு அடியில் ஏர்பேக், சீட் பெல்ட் ஆகியவற்றுக்கான மின்னிணைப்புகள் போகின்றன. இக்னிஷன் போட்டிருக்கும்போது அவற்றைப் பிரித்தால் எச்சரிக்கை விளக்கு நிலையாக எரியத் தொடங்கும். திரைச்சீலை மாட்டுவதற்காகக் கூரையின் ஓரத்திலும் தூண்களிலும் திருகாணி போடுகிறவர்கள் உண்டு. பக்கவாட்டு ஏர்பேக் மடிந்திருக்கும் இடமே அதுதான். கண்ணாடியின் அளவுக்கு வெட்டிய பிரதிபலிப்புத் தாளை அழுத்திச் செருகினால் மறைவும் கிடைக்கும், வெப்பமும் குறையும், ஒரு துளையும் வேண்டாம்.

சமையல் பொருள் ஒன்றில், படுக்கை ஒன்றில், கருவிகள் ஒன்றில் என மூன்று நான்கு உறுதியான மூடிப் பெட்டிகளே நான் இப்போது பயன்படுத்துவது. ஞாயிறு இரவு அவற்றைத் தூக்கி வீட்டு மூலையில் வைத்துவிட்டால் கார் மீண்டும் குடும்பத்தினுடையது. பெட்டிகளுக்குள்ள ஒரே பெரிய குறை அவை நகரும் என்பதுதான். 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் மோதி அரை மீட்டர் தூரத்துக்குள் நின்றால், உள்ளே இருப்பவை தம் எடையைப்போல் ஏறக்குறைய இருபது மடங்கு விசையுடன் முன்னே பாயும். 20 கிலோ பெட்டி 400 கிலோவாகி, முன்னால் இருக்கும் பிள்ளையின் முதுகில் போய் மோதும். ஆகவே கனமானவை தரையோடு, பின்னிருக்கையின் முதுகை ஒட்டி இருக்க வேண்டும். டிக்கியில் இருக்கும் உலோக வளையங்களில் இறுக்கும் பட்டையால் கட்ட வேண்டும். வளையங்கள் இல்லாத காரில் அவற்றைப் போல்ட் போட்டுப் பொருத்துவது நான் ஒப்புக்கொள்ளும் முதல் விதிவிலக்கு. அதற்குத் துளை போடலாம். எரிபொருள் தொட்டியும் குழாய்களும் அடியில் எங்கே ஓடுகின்றன என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.

கூரையில் ஏற்றுவதா, பின்னால் தொங்கவிடுவதா?

சைக்கிள், கயாக் என்னும் ஒடுங்கிய துடுப்புப் படகு, நீளமான தூண்டில் கழி போன்றவை உள்ளே அடங்காது. கூரைப் பெட்டி காற்றைக் கிழித்துக்கொண்டு போவதற்கு எரிபொருள் செலவாகிறது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். பெரிய கூரைப் பெட்டி நெடுஞ்சாலையில் எரிபொருள் சிக்கனத்தை 6 முதல் 17 சதவீதம்வரையும், அதிவேக நெடுஞ்சாலை வேகத்தில் 10 முதல் 25 சதவீதம்வரையும் குறைக்கும் என்று அமெரிக்க எரிசக்தித் துறை சொல்கிறது. பின்னால் பொருத்தும் பெட்டிக்கு நெடுஞ்சாலையில் 1 முதல் 5 சதவீதம்தான். வெறும் கம்பிகள்கூட ஓசையும் எதிர்ப்பும் தருபவை. பயணம் முடிந்ததும் கழற்றிவிடுங்கள்.

சைக்கிளுக்குப் பின்பக்கத் தாங்கி நல்லது. உயரம் குறைந்த வாகன நிறுத்தங்களில் சைக்கிள் இடிக்குமோ என்ற பயம் வேண்டாம். ஆனால் பதிவெண்ணும் பின்விளக்குகளும் மறையக் கூடாது, தாங்கியின் எடையும் பின் அச்சுக் கணக்கில் சேரும். கயாக்குக்குக் கூரையைவிட்டால் வேறு இடமில்லை. நடுவில் இரண்டு பட்டைகள் போதாது. முன்முனையையும் பின்முனையையும் காரோடு தனியே கட்ட வேண்டும். தூண்டில் கழிகளை உள்கூரையின் கீழ் நீளவாக்கில், கைப்பிடிகளுக்கு இடையே கட்டிய பட்டைகளில் செருகலாம். ஆட்கள் நிறைந்திருக்கும்போது அப்படிக் கொண்டுபோக வேண்டாம். அவசர பிரேக்கில் அவை ஈட்டியாகிவிடும். தொலைநோக்கிக்கு அதிர்வுதான் பகை. மடித்த மெத்தைகளுக்கு நடுவே வைத்தால் போதும், தனிப் பெட்டி வேண்டாம். கண் இருளுக்குப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகிறது. கதவைத் திறந்ததும் பளிச்சென்று எரியும் விளக்கு அதை ஒரு நொடியில் கெடுத்துவிடும் என்பதால், வானம் பார்ப்பவர்கள் உள்விளக்கின் மேல் சிவப்புத் தாளை ஒட்டிவிடுவது நல்லது.

மின்சாரம்

இதில்தான் தேவைக்கு மேல் பணம் போகிறது. முதலில் கேட்க வேண்டியது, குளிர்பெட்டி வேண்டுமா என்பது. வேண்டாம் என்றால், இரண்டு விளக்குகளுக்கும் கைபேசிகளுக்கும் ஒரு நல்ல பவர் பேங்க் இரண்டு இரவுகள் தாங்கும். பனிக்கட்டி நிரப்பிய தடித்த பெட்டி வார இறுதிக்கு ஈடுகொடுக்கும். இந்தக் கட்டுரையை இதோடு நிறுத்திவிட்டுப் பயணத்துக்குக் கிளம்பலாம்.

வேண்டும் என்றால் கணக்கு இப்படி. கம்ப்ரசர் வைத்த 12 வோல்ட் குளிர்பெட்டி ஓடும்போது 45 வாட் இழுக்கிறது என்று வைப்போம். மிதமான வெயிலில் அது நாளில் 40 சதவீத நேரம் ஓடும் என்றால், ஒரு நாளைக்கு ஏறக்குறைய 430 வாட்-மணி. காரின் சொந்த பேட்டரி 50 ஆம்பியர்-மணி, அதாவது 600 வாட்-மணி. கணக்குக்கு ஒரு நாள் தாங்கும்போலத் தெரியும். தாங்காது. எஞ்சினைக் கிளப்பும் பேட்டரி, ஒரு கணம் பெரிய மின்னோட்டத்தைக் கொடுக்கும்படி மெல்லிய தகடுகளால் ஆனது. மெதுவாக ஆழம்வரை இறக்கினால் தகடுகள் கெட்டுவிடும். சில முறை அப்படி இறக்கினாலே பேட்டரி முடிந்துவிடும், பழைய பேட்டரிக்கு ஒருமுறையே போதும். குளிர்பெட்டியில் மின்னழுத்தம் குறைந்தால் தானாக நிற்கும் வசதி இருந்தால் அதை மிக உயர்ந்த நிலையில் வைத்து, பகலில் மட்டும் காரோடு இணையுங்கள்.

அடுத்தது கையில் தூக்கும் மின்பெட்டி. உள்ளே லித்தியம் பேட்டரி, மின்னேற்றி, இன்வெர்ட்டர் எல்லாம் அடங்கியிருக்கும். 500 வாட்-மணி பெட்டி குளிர்பெட்டியை ஒரு நாள் ஓட்டும். காரின் 12 வோல்ட் துளை பெரும்பாலும் 10 அல்லது 15 ஆம்பியர் பியூஸ் கொண்டது. அதன் வழியே 100 வாட் ஏற்றினால், நான்கு ஐந்து மணி நேரப் பயணத்தில் பெட்டி நிரம்பும். தினமும் ஊர் மாறுபவர்களுக்கு இதுவே போதும். ஓரிடத்தில் மூன்று நாள் தங்குபவர்கள் 100 வாட் சோலார் பலகை ஒன்றைச் சேர்க்கலாம். தெளிந்த நாளில் அது 300 முதல் 400 வாட்-மணி தரும். குளிர்பெட்டி தின்பதை ஏறக்குறைய ஈடுகட்டும். பலகை வெயிலிலும் கார் நிழலிலும் இருப்பதற்கு நீளமான கம்பி வேண்டும். கூரையோடு ஒட்டிய பலகையில் இது முடியாது.

இரண்டாவது பேட்டரியை நிரந்தரமாகப் பொருத்துவது மூன்றாம் வழி. இதற்கு நான் எதிரி இல்லை. ஆனால் பாதியாகச் செய்வதற்கு எதிரி. அண்மைக்காலக் கார்கள் பலவற்றில், எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் எரிபொருள் மிச்சத்துக்காகத் தன் மின்னழுத்தத்தைத் தேவைக்கேற்ப இறக்கிக்கொள்ளும். அத்தகைய காரில் வெறும் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) ஒன்றை வைத்து இரண்டு பேட்டரிகளை இணைத்தால் இரண்டாவது பேட்டரி ஒருபோதும் நிரம்பாது. நடுவே மின்னழுத்தத்தை உயர்த்திக் கொடுக்கும் தனி மின்னேற்றி தேவை. முன்னாலிருந்து பின்னால் போகும் கம்பிக்கு இரு முனைகளிலும், பேட்டரிக்கு மிக அருகில் பியூஸ் தேவை. கதவோரத்தில் நசுங்கி உரசும் ஒரு கம்பி காரையே எரித்துவிடும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி எடை குறைந்தது, பல ஆண்டுகள் உழைப்பது. ஆனால் உறைநிலைக்குக் கீழே அதை மின்னேற்றக் கூடாது. 45 பாகை செல்சியஸுக்கு மேலும் பொதுவாக ஏற்றக் கூடாது. எஞ்சின் அறையில் வைக்கவே வேண்டாம். இதே வெப்பக் கட்டுப்பாடு தூக்கும் மின்பெட்டிக்கும் உண்டு. வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் அதை விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

குடும்ப காருக்கு நான் தேர்ந்தெடுத்தது மின்பெட்டிதான். வீட்டில் மின்சாரம் போன இரவுகளில் அதே பெட்டி பிள்ளைகளின் படிப்பு மேசைக்கு வந்துவிடுகிறது.

டயர், உயரம்

சுருக்கமாகவே சொல்லலாம். முகாமுக்குப் போகும் வழியில் பெரும்பகுதி தார்ச்சாலை, கடைசி ஒரு பகுதி மண்சாலை என்றால், நல்ல நிலையிலுள்ள சாதாரண டயர் போதும். கரடுமுரடான பட்டைகள் கொண்ட டயர் எடை கூடியது, ஓசை கூடியது, எரிபொருளும் கூடுதலாகக் கேட்கும். எதை வாங்கினாலும் தாங்கும் எடைக் குறியீடு காருக்குச் சொல்லப்பட்டதைவிடக் குறையக் கூடாது. 88 என்றால் ஒரு டயருக்கு 560 கிலோ, 91 என்றால் 615 கிலோ. ஸ்பிரிங்கின் கீழ் துண்டு வைத்துக் காரை உயர்த்துவதை நான் தவிர்க்கச் சொல்வேன். ஆக்சிலின் மூட்டுகள் இயல்பைவிடக் கூடிய கோணத்தில் சுழன்று விரைவில் தேயும். எடையின் மையமும் மேலே போகும். தளர்ந்த ஸ்பிரிங்கைப் புதிதாக்கினாலே இழந்த உயரம் திரும்பி வந்துவிடும். ஒரு சிறிய காற்றடிப்பானும் அழுத்தமானியும் எப்போதும் காரில் இருக்கட்டும். மணலில் காற்றைக் குறைத்து மீண்டபின், தார்ச்சாலை ஏறும் முன் நிரப்பியாக வேண்டும்.

எப்போது துளை போடலாம்?

பிள்ளைகள் வளர்ந்து, வீட்டுக்கு வேறொரு கார் வந்து, இந்தப் பழைய கார் முழுதும் உங்கள் கைக்கு வந்துவிட்டது என்றால் நான் சொன்ன அரை மணி விதி தளர்ந்துவிடும். அப்போது பிளைவுட் கட்டிலும் இரண்டாவது பேட்டரியும் நியாயமானவையே. எடைக் கணக்கிலும் இரண்டு மூன்று பேரின் எடை விடுபட்டிருக்கும்.

அப்போதும் பலகை வாங்கும் முன் பெரிய அட்டைப்பெட்டிகள் சிலவற்றைப் பிரித்து, நீங்கள் நினைக்கும் கட்டிலை அட்டையில் வெட்டிக் காருக்குள் வையுங்கள். அடியில் சாமான் பெட்டிகளை முட்டுக் கொடுத்து, வீட்டு வாசலிலேயே ஓர் இரவு அதன்மேல் மெத்தை விரித்துத் தூங்குங்கள். புரளும்போது தோள் கதவில் இடிக்கிறதா, எழுந்து உட்கார்ந்தால் தலை கூரையில் முட்டுகிறதா, உள்ளிருந்து கதவைத் திறக்க முடிகிறதா என்பதெல்லாம் அன்றே தெரிந்துவிடும். காலையில் அட்டை எங்கே மடங்கிக் கிடக்கிறதோ அந்த இடங்களைப் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். கட்டிலுக்குக் கால்கள் வர வேண்டியது அங்கேதான்.